36,000 கிலோமீட்டர் வண்டியை விட்டு 74,000 கிலோமீட்டர் வண்டியை ஏன் வாங்கினேன்

பழைய கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" அடுத்தது, "சிங்கிள் ஓனரா?" இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்துவிட்டால் விலையும் சரிதான் என்று முடிவுகட்டி விடுகிறார்கள். எனக்கு இந்தக் கேள்விகள் மேல் பெரிய மரியாதை கிடையாது. வண்டி எவ்வளவு தூரம் போனது என்பதை மீட்டர் சொல்லும். எந்த ரோட்டில் போனது என்பதைச் சொல்லாது. சேர்வராயன் மலையடியில் இருக்கிற நம் சேலத்தில் விலையை ஏற்றி இறக்குவது அந்த ரோடுதான்.

காபி, மிளகு வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடம் நான் கணக்குப் பார்க்கிறேன். கடை செவ்வாய்பேட்டையில், சரக்கு ஏற்காட்டில். அடிக்கடி மேலே போய் வர வேண்டும். மழையிலும் பனியிலும் பைக்கில் ஏறி அலுத்துப்போய்த்தான் கார் தேட ஆரம்பித்தேன். கையில் நான்கரை லட்சம். கொஞ்சம் இழுத்தால் இன்னும் ஐம்பதாயிரம் புரட்டலாம்.

முதலில் ஒரு மாடலில் மனதை நிறுத்திக்கொண்டேன்: 2018 ஸ்விஃப்ட், பெட்ரோல், விஎக்ஸ்ஐ ரகம். அது உலகத்திலேயே சிறந்த வண்டி என்பதால் இல்லை. இன்றைக்கு ஐ10, நாளைக்கு பலேனோ, அடுத்த நாள் யாரோ சொன்ன ஹோண்டா என்று பார்த்துக்கொண்டே போனால் எதனுடைய விலையும் மனதில் தங்காது. ஒரே மாடலை, ஒரே வருஷத்தை நாலைந்து இடத்தில் பார்த்தால், எவன் கூட்டிச் சொல்கிறான், எது சந்தேகப்படும்படி மலிவு என்று தானாகவே பிடிபட்டுவிடும். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. புது உருவ ஸ்விஃப்ட் வந்தது 2018 பிப்ரவரியில். 2017 கடைசியில் தயாராகி 2018 ஜனவரியில் பதிவான பழைய உருவ வண்டியையும் "2018 மாடல்" என்றுதான் விளம்பரம் போடுகிறார்கள். ஆர்சியில் தயாரித்த மாதமும் வருஷமும் தனியாக இருக்கும். பதிவுத் தேதியை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

சரி, விலைக்கு வருவோம். பழைய வண்டியின் விலையைப் புது வண்டியின் விலையிலிருந்துதான் இறங்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் மனதில் இருப்பது அவர் அன்றைக்குக் கொடுத்த தொகை. அதற்கும் இன்றைய விலைக்கும் சம்பந்தம் இல்லை. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களின் வரி இறங்கியது. நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு அதுவரை ஜிஎஸ்டி 28 சதவீதம், மேல்வரி 1 சதவீதம், ஆக 29. அது 18 ஆனது. வரி இல்லாமல் ஐந்து லட்சம் அடக்கமாகும் வண்டி 6,45,000-லிருந்து 5,90,000-க்கு வந்துவிட்டது. புதுசு 55,000 இறங்கும்போது பழசு மட்டும் அதே இடத்தில் நிற்க முடியுமா? ஆனால் நான் தேடிய நாட்களில் பாதிப் பேர் பழைய கணக்கிலேயே விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஷோரூமுக்குப் போய் அன்றைய ஆன்ரோடு விலையை ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பேரத்தில் நூறு வார்த்தை செய்யாததை அந்தத் தாள் செய்தது.

இணையத்தில் போட்டிருக்கும் விலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவை விற்பவரின் ஆசை. விற்ற விலை எங்கேயும் எழுதப்படுவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள நான் கண்டுபிடித்த வழி, வாங்குபவனாக இல்லாமல் விற்பவனாகப் பேசுவது. ஓமலூர் ரோட்டுப் பக்கமும் சீலநாயக்கன்பட்டிப் பக்கமும் இருக்கும் கார் கன்சல்டிங்குகளுக்கு, அதாவது பழைய கார் வாங்கி விற்கும் கடைகளுக்கு, போன் போட்டு, "2018 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ, பெட்ரோல், எழுபதாயிரம் ஓடியிருக்கு, எடுத்துக்குவீங்களா, என்ன தருவீங்க?" என்று கேட்டேன். நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே என்றார்கள். அதே மாதிரி வண்டியை அவர்கள் விற்பது 4,85,000-க்கு. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் உண்மையான விலை உட்கார்ந்திருக்கிறது. ஆளிடமிருந்து ஆள் நேரடியாக வாங்கினால் நாலு முப்பதிலிருந்து நாலு ஐம்பதுக்குள் முடிய வேண்டும் என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

இதற்காகக் கன்சல்டிங்காரர்களைத் திட்ட ஒன்றுமில்லை. வாடகை, வட்டி, ஆள் சம்பளம் அவர்களுக்கும் உண்டு. 2025 ஜனவரியிலிருந்து, ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் பழைய காரில் கிடைக்கும் லாபத்தின் மேல் 18 சதவீதம் வரி கட்ட வேண்டும். வரியோடு சேர்த்து 90,000 வித்தியாசம் வைத்தால் அதில் சுமார் 13,700 வரிக்கே போய்விடும். அவர்கள் வண்டியைத் தட்டிக் கொட்டிப் பார்த்து, பேப்பரெல்லாம் முடித்துக் கொடுத்தால் அந்தக் கூடுதல் விலை நியாயம்தான். பாலீஷ் மட்டும் போட்டுக் கொடுத்தால் இல்லை.

இப்போது தலைப்பில் சொன்ன இரண்டு வண்டிகள்.

முதலாவது ஏற்காட்டில், ஒரு எஸ்டேட்டில் நின்றது. வெள்ளை. ஒரே ஓனர். 36,000 கிலோமீட்டர். கேட்ட விலை 4,60,000. கேள்விப்பட்டதுமே, "யோசிக்காம அட்வான்ஸ் போட்டுட்டு வா" என்றார் மச்சான். நான் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வயதுக்காரர், பேச்சு குறைவு. வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. கதவைத் திறந்து குனிந்து கிளட்ச் பெடலைப் பார்த்தார். ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது. "மீட்டரைத் திருப்பிட்டாங்களா அண்ணா?" என்றேன். "இல்லீங்க, மீட்டர் சரியாத்தான் இருக்கும். மலை வண்டி. ஒரு கிலோமீட்டருக்கு இங்க எத்தனை தடவ கிளட்ச் மிதிக்கணும்னு நெனச்சுப் பாருங்க."

அடிவாரத்திலிருந்து மேலே வர 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் இரண்டாவது கியரோ முதல் கியரோ போட வேண்டும். எதிரே பஸ் வந்தால் ஏற்றத்திலேயே நிறுத்தி, பாதி கிளட்சில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இறங்கும்போது கியரில் இறங்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வருபவர்கள்தான் அதிகம். மேலே இருக்கும் சுற்றுப் பாதையும் எஸ்டேட் மண் பாதைகளும் அடியில் இருக்கும் புஷ், பால் ஜாயின்ட் எல்லாவற்றையும் பதம் பார்த்துவிடும். பனியும் ஈரமும் சேர்ந்து துருவை வரவழைக்கும். தரை ரோட்டில் ஓடிய 36,000 வேறு, இந்த 36,000 வேறு.

ஓட்டிப் பார்த்தோம். கிளட்ச் பெடல் கிட்டத்தட்ட முழுசாக மேலே வந்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. ஏற்றத்தில் மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கிளட்ச் ஸ்லிப். முன் சக்கர டிஸ்கின் ஓரத்தில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்கு ஒரு விளிம்பு. டயரில் அச்சாகியிருந்த நாலு இலக்கம் 0918. 2018-ஆம் வருஷம் ஒன்பதாவது வாரம் தயாரானது என்று அர்த்தம், அதாவது வண்டியோடு வந்த டயர்கள். பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடு பள்ளம், இன்னும் இருந்தது, ஆனால் ஓரமெல்லாம் வெடிப்பு. இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம். 90 நாள் தாண்டிவிட்டால் பழைய நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, போய்விடும். அது ஓனருக்குச் சேர வேண்டியது, நமக்கு வராது. ஆனாலும் அவ்வளவு நாள் இன்சூரன்ஸ் இல்லாமல் நின்ற வண்டியை ஆய்வு செய்துதான் கம்பெனி புதிதாக எடுத்துக்கொள்ளும்.

இன்ஜின் என்னமோ அருமையாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வண்டி அழகாபுரத்தில். ஓனர் கோயம்புத்தூரில் வேலை பார்த்தவர். வாரம் தவறாமல் பைபாஸில் போய் வந்திருக்கிறார். 74,000 கிலோமீட்டர். கேட்ட விலை 4,75,000. மச்சான் முகம் சுளித்தார். ஆனால் நாலு வழிச் சாலையில் ஐந்தாவது கியரில் ஓடிய வண்டிக்குக் கிளட்சில் என்ன வேலை? பெடல் பாதியிலேயே பிடித்தது. கம்பெனி சர்வீஸ் பதிவுகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் எழுதிய கிலோமீட்டர் ஒன்றுக்கொன்று ஒழுங்காக ஏறிக்கொண்டே வந்திருந்தது. மீட்டரைப் பற்றிய சந்தேகத்தைத் தீர்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முன் டயர் இரண்டு மட்டும் மாற்ற வேண்டும். இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்கு நோட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். தொழில் புத்தி.

ஏற்காட்டு வண்டி 4,60,000. கிளட்ச் செட் கூலியோடு 11,000. டிஸ்க், பேட் 7,500. நாலு டயர் 20,000. அடிப்பக்க புஷ், ஆர்ம் வேலை 6,000. புது இன்சூரன்ஸ் 14,000. பெயர் மாற்றச் செலவு 3,500. கூடுதல் செலவு 62,000, ஆக மொத்தம் 5,22,000.

அழகாபுரத்து வண்டி 4,75,000. இரண்டு டயர் 10,000. ஆயில், கூலன்ட், ஃபில்டர் என்று முழு சர்வீஸ் 6,500. பெயர் மாற்றம் 3,500. இன்சூரன்ஸை என் பெயருக்கு மாற்றும்போது ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் வித்தியாசத்தை நான் கட்ட வேண்டும், அது 2,000. கூடுதல் செலவு 22,000, மொத்தம் 4,97,000.

கேட்ட விலையில் 15,000 கூடுதலாக இருந்த வண்டி, கணக்கில் 25,000 குறைவாக வந்து நின்றது. மெக்கானிக் சொன்ன தொகைகளைத்தான் நான் எழுதினேன். உங்கள் ஊரில், உங்கள் மாடலுக்கு எண்கள் மாறும். விற்பவர் சொல்வது விலையின் ஒரு பகுதிதான். வண்டி உங்கள் பெயரில், கவலையில்லாமல், முதல் ஒரு வருஷம் ஓடி முடிக்க என்ன ஆகுமோ அதையும் சேர்த்து இன்னொரு வண்டியோடு ஒப்பிட வேண்டும். தாளில் எழுதாமல் மனக்கணக்கில் இதைச் செய்யவே முடியாது. மனம் பெயின்ட் பளபளப்புக்கு மார்க் போட்டுவிடும்.

மலை வண்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த எஸ்டேட்காரர் நாலு லட்சத்துக்கு இறங்கியிருந்தால் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றிக்கொண்டு நிம்மதியாக ஓட்டியிருப்பேன். நாலு ஐம்பதுக்குக் கீழே வர மாட்டேன் என்றார். "முப்பத்தாறாயிரம்தான் சார் ஓடியிருக்கு" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மலை இருப்பதில் ஒரு லாபமும் உண்டு. வண்டியைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அஞ்சு ரோட்டிலிருந்து நாலு ரோடு வரை நெரிசலில் ஓட்டிப் பார்த்தால் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். அழகாபுரத்து ஓனரிடம், "பெட்ரோல் நான் போடறேங்க, நீங்களும் கூட வாங்க, ஏழெட்டு வளைவு ஏறி இறங்கிடலாம்" என்று கேட்டேன். முதலில் யோசித்தார், அப்புறம் வந்தார். வர மறுப்பவர் எல்லோரும் எதையோ மறைக்கிறார் என்று சொல்ல முடியாது. மறுத்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்க எனக்கு ஒரு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான்.

போகும் முன் பானட்டைத் தொட்டுப் பார்த்தேன். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆவதில் இருக்கும் கோளாறு தெரியாமல் போய்விடும். ஏற்றத்தில் ஏசியைப் போட்டு, மூன்று பேர் உட்கார்ந்து, இரண்டாவது கியரில் இழுத்தோம். புகை வருகிறதா, நீல நிறமா என்று பின்னால் பைக்கில் வந்த மெக்கானிக் பார்த்துக்கொண்டே வந்தார். நீலம் என்றால் இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. மேலே ஓரிடத்தில் நிறுத்தி, ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்தார். ஓடும் இன்ஜினில் அங்கிருந்து புகை குப்குப்பென்று அடித்தால் அதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டி, நல்ல விலை கொடுக்கக் கூடாது. இறங்கும்போது மூன்று விஷயம்: பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, கருகல் வாடை வருகிறதா. அடிவாரத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துப் பக்கமும் கையை நீட்டிப் பார்த்தோம். ஒரு முன் சக்கரம் மட்டும் ஜோடியைவிட அதிகமாகச் சுட்டால் அந்தப் பக்கத்து பிரேக் விடாமல் பிடிக்கிறது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் அப்படி இல்லை. ஆனால் தரை ரோட்டில் வேகம் எண்பதுக்கு மேல் போனபோது இடது பக்கம் ஒரு மெல்லிய ஊளைச் சத்தம். வீல் பேரிங். கணக்கு நோட்டில் 2,500 ஏறியது.

வேறு இரண்டு வண்டிகளையும் பார்த்தேன். அவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஒன்று, சென்னைப் பதிவு எண், ஒரு கன்சல்டிங்கில் சந்தையை விட 70,000 மலிவு. மெக்கானிக் அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தார். அடியில் மண் நிறத்தில் ஒரு கோடு. ஸ்டெப்னி கிடக்கும் பள்ளத்திலும் சீட் தண்டவாளத்திலும் துரு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதோ, வேறு எங்கேயோ தெரியாது, தண்ணீரில் நின்ற வண்டி. அதற்கு நியாயமான விலை என்று ஒன்று கிடையாது. ஒயரிங் எப்போது, எந்த இடத்தில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொன்று பெங்களூரு வண்டி. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரியைப் புதிதாகக் கட்டி, எண்ணை மாற்ற வேண்டும். மலிவு என்று சொன்ன தொகையில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. அங்கே கட்டிய வரியைத் திரும்ப வாங்க அலைய எனக்கு நேரம் இல்லை.

பேரத்தை வேண்டுமென்றே மார்கழியில் வைத்துக்கொண்டேன். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வண்டி எடுக்க நிறையப் பேர் தயங்குவார்கள். விற்பவரின் போன் அடிக்காது. போதாததற்கு ஜனவரி பிறந்தால் வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும் என்பது அவருக்கும் தெரியும். நோட்டைத் திறந்து காட்டினேன். டயர், பேரிங், சர்வீஸ் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து புது வண்டியின் விலைத் தாளையும் எடுத்து வைத்தேன். "ஃபைனலா சொல்லுங்க" என்று ஒற்றை வார்த்தையில் பேரம் பேசுபவரிடம் மனுஷனுக்குக் கோபம் வரும். செலவைப் பிரித்துக் காட்டினால் வருவதில்லை. "நீங்க சொல்றது சரிதானுங்க, ஆனா நாலு நாப்பத்தஞ்சுக்குக் கீழ எனக்குக் கட்டாதுங்க" என்றார். நான் போட்டிருந்த கோட்டுக்குள்தான் இருந்தது. 10,000 டோக்கன் கொடுத்தேன். தை பிறந்ததும் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு அவரும் சம்மதித்தார். அம்மாவுக்கும் திருப்தி.

டோக்கன் கொடுக்கும் முன்பே அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தேன். எத்தனையாவது ஓனர், கடன் அடமானம் பதிவில் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். இவர் கடனை அடைத்து இரண்டு வருஷம் ஆகியும் ஆர்சியில் வங்கியின் பெயர் நீங்காமல் இருந்தது. வங்கியிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வாங்கி அதை நீக்கித் தந்த பிறகுதான் மீதிப் பணம் என்று எழுதிக்கொண்டோம். பாக்கி அபராதங்களையும் அவரே கட்டினார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, அடையாள அட்டை நகல், வண்டியை ஒப்படைத்த தேதியோடு நேரமும் எழுதிய ரசீது. நேரம் எதற்கு என்று சிரித்தார். அன்றைக்குக் காலையில் அவர் ஓட்டியதற்கு அபராதம் வந்தால் அவருடையது, மாலையில் வந்தால் என்னுடையது, அதற்குத்தான். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும். பெயர் மாற்றம் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஒவ்வொரு வண்டிக்கும் 500 ரூபாயும் சாப்பாடும் என்று பேசியிருந்தேன். வாங்கினால்தான் காசு என்று அவரிடம் பேசக் கூடாது. அப்படிப் பேசினால், வாங்கு என்று சொல்ல அவருக்கும் ஒரு காரணம் வந்துவிடும். அப்புறம், இரண்டாவது சாவியைக் கேட்டு வாங்குங்கள். இப்போதைய சாவிகளில் சிப் இருப்பதால் புதிதாகச் செய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். இல்லை என்று கையை விரித்தால் அதையும் நோட்டில் ஏற்றி விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.